எந்தச் சம்பளத்தைச் சொல்ல?

என் சம்பளம் என்ன என்று யாராவது கேட்டால் எந்தத் தொகையைச் சொல்ல? பள்ளி ரிஜிஸ்டரில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டு, பெற்றுக்கொண்டேன் என்று நான் ஒப்புக்கொள்வது 15,800 ரூபாய். வங்கியில் என் பெயருக்கு வந்து விழுவதும் அதே 15,800தான். நான் வீட்டுக்குக் கொண்டுவருவது 8,500. மீதி 7,300 ரூபாய் வந்த வழியே பள்ளிக்குத் திரும்பிப் போய்விடுகிறது. மாதம் தவறாமல் போகிறது. பிள்ளையின் ஸ்காலர்ஷிப்புக்கோ, கூட்டுறவு வங்கிக் கடனுக்கோ ஏதாவது பாரத்தை நிரப்ப உட்கார்ந்தால், வருமானம் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. 15,800 என்று எழுதினால் அது பொய் என்று என் வயிற்றுக்குத் தெரியும். 8,500 என்று எழுதினால் பாஸ்புக் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடும்.

மண்டகப்பட்டு எனக்குப் புகுந்த ஊர். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பஸ்ஸில் ஏறித் தினமும் செஞ்சியில் உள்ள ஒரு மெட்ரிக் பள்ளிக்கு வேலைக்குப் போகிறேன். எம்.எஸ்சி. கணிதம், பி.எட். படித்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்கு என் பொறுப்பு. பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் என் வேலை மட்டும் போகாது, என்னோடு அதே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். ஒரு பள்ளியில் பிரச்சினை பண்ணிய டீச்சர் என்று பெயர் வந்துவிட்டால் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் வேறு யாரும் உள்ளே விடமாட்டார்கள். போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் ஆள் எடுக்கிறார்கள். அந்த பயத்தில்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இனி மூட முடியவில்லை.

அந்த 7,300 எப்படித் திரும்பிப் போகிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வங்கியில் கணக்குத் தொடங்கச் சொல்வார்கள். ஏ.டி.எம். கார்டு வந்ததும் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும், பின் நம்பரோடு. ஆபீஸ் அலமாரியின் இரண்டாம் இழுப்பறையில் எங்கள் கார்டுகள் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு ஒரே கட்டாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைத்தாள் ஒட்டிப் பெயரும் நான்கு இலக்கமும் எழுதியிருக்கும். சம்பளம் ஏறிய அன்று மாலை கிளார்க் தம்பி அந்தக் கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஏ.டி.எம்.முக்குப் போவார். நான் பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருப்பேன். கைப்பையில் போன் அதிரும். வரவு 15,800 என்று காலையில் ஒரு மெசேஜ். பற்று 15,800 என்று மாலையில் ஒரு மெசேஜ். மறுநாள் பிரேயர் முடிந்ததும் பழுப்புக் கவரில் 8,500 கைக்கு வரும். இதற்கு ஒரு சம்பளச் சீட்டு உண்டா? கிடையாது. கேட்டால், "எதுக்கு டீச்சர்? பேங்க் மெசேஜ்தான் வருதே" என்பார்கள்.

15,800 என்ற தொகை எங்கிருந்து வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பிறகுதான் விளங்கியது. வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தில் சம்பள வரம்பு 15,000 ரூபாய். அதற்குள் சம்பளம் வாங்குகிறவரைப் பள்ளி கட்டாயம் பி.எஃப்.பில் சேர்க்க வேண்டும். ஊழியரிடம் 12 சதவீதம் பிடித்து, தன் பங்காக இன்னொரு 12 சதவீதம் போட வேண்டும். ஆனால் ஏற்கெனவே பி.எஃப். கணக்கு இல்லாத ஒருவர் 15,000க்கு மேல் சம்பளத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் அவரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த வரம்பைத் தாண்டத்தான் மேலே ஒரு 800. உண்மையில் 8,500 வாங்கும் நான் பி.எஃப்.புக்கு முழு உரிமையுள்ளவள். வாங்காத சம்பளத்தைக் காகிதத்தில் ஏற்றி, என் முதுமைக்கான சேமிப்பை முளையிலேயே கிள்ளிவிட்டார்கள். அதற்கும் என்னிடமே கையெழுத்து வாங்கினார்கள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைச் சொன்னால் என்னைவிட என் மாணவர்களின் அப்பா அம்மாவுக்குத்தான் வயிறு எரியும். 2009ல் தமிழ்நாட்டில் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தார்கள். எந்தத் தனியார் பள்ளி எந்த வகுப்புக்கு எவ்வளவு வாங்கலாம் என்று அந்தக் குழுதான் நிர்ணயிக்கிறது. எதை வைத்து? பள்ளி இருக்கும் இடம், கட்டட வசதி, நிர்வாகச் செலவு, பராமரிப்புச் செலவு இவற்றை வைத்து. ஒரு பள்ளியின் செலவில் பெரும்பங்கு சம்பளம்தானே? எங்கள் பள்ளி காட்டும் சம்பளச் செலவில் நான் 15,800ஆக இருக்கிறேன். பக்கத்து வகுப்பு டீச்சரும் அப்படித்தான். அந்தச் செலவை ஈடுகட்டத்தான் கட்டணம். அனந்தபுரத்துப் பக்கம் மணிலாக்கொட்டை போட்டு, விளைந்ததை மூட்டை கட்டிச் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுவந்து விற்று, அந்தப் பணத்தை அப்படியே பள்ளிக் கவுண்டரில் கட்டிவிட்டுப் போகிறாரே ஓர் அப்பா, அவர் என் சம்பளமாக 15,800க்குக் கணக்குத் தீர்த்துவிட்டார். அது என்னிடம் வரவில்லை. அவர் பிள்ளைக்கு நல்ல ஆய்வுக்கூடமாகவும் திரும்பவில்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒரே தாளில் ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்து, "இவ்ளோ பீஸ் வாங்குறீங்களே டீச்சர்" என்று கேட்கும்போது தலை குனிவது நான். மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் குனிவதில்லை.

சரி, 8,500 என்பதையாவது ஒரு முறையோடு நிர்ணயித்தார்களா? நான் இண்டர்வியூவுக்குப் போன அன்று, என் மார்க் ஷீட்டைத் தாளாளர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதல் கேள்வி, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறார் என்றேன். "எந்த ஊரு?" மண்டகப்பட்டு. "குழந்தை எத்தினி?" ஒன்று. "அதையும் இங்கயே சேத்துடுவீங்க இல்ல?" சேர்ப்பேன் என்றேன். தாளாளர் பிரின்சிபாலைப் பார்த்தார், பிரின்சிபால் ஒரு தொகையைச் சொன்னார், முடிந்தது. கணக்கு எப்படி நடத்துவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று அவர்கள் அளந்தது என் படிப்பை அல்ல என்று பிற்பாடுதான் தெரிந்தது. இவள் இந்த வேலையை விட்டுப் போவாளா மாட்டாளா என்பதைத்தான் அளந்தார்கள். எனக்கு முன்பே சேர்ந்து, என்னைவிட அனுபவம் கூடிய தமிழ் டீச்சர் ஒருவர் இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார், இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் எங்கள் பள்ளியிலேயே பாதிக் கட்டணத்தில் படிக்கின்றன. அவர் சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு. அவரால் எங்கும் போக முடியாது, போனால் பிள்ளைகளின் படிப்பு போகும். இயற்பியல் சாரோ திண்டிவனத்தில் வேறு பள்ளியில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொன்ன மறுநாளே கூடுதலாக 2,000 வாங்கினார். "வெளியில சொல்லாதீங்க சார்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். "அவர் குடும்பத்தத் தாங்குற ஆம்பள, டீச்சர். உங்களுக்கு என்ன, வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரு" என்று எனக்கு விளக்கம் வந்தது. என் வீட்டுக்காரர் நெல் மண்டியில் வாங்கும் கூலிக்கும், பத்தாம் வகுப்பில் நான் நடத்தும் இருபடிச் சமன்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? விதவை என்பதற்காக ஒருத்தியின் சம்பளத்தைக் குறைக்கலாம் என்று எந்த நியாயத்தில் எழுதியிருக்கிறது?

வருஷ உயர்வும் அப்படித்தான். ஜூன் மாதம் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார்கள். ஒருத்திக்கு 300, ஒருத்திக்கு 500, ஒருத்திக்கு ஒன்றுமில்லை. யாருக்கு எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது என்பது எழுதாத சட்டம். பேசிக்கொண்டோம் என்று தெரிந்தால் அடுத்த வருஷம் அதுவும் கிடையாது. ஸ்டாஃப் ரூமில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டப்பா சோற்றைப் பங்கிட்டுத் தின்கிறோம். சம்பளத்தைப் பற்றி மட்டும் ஒருவரையொருவர் கேட்க அஞ்சுகிறோம்.

ஊரறிய எழுதி வைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் இருந்தது. மண்டகப்பட்டில் எங்கள் ஊர்க் குடைவரையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் வெட்டி வைத்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போய்ப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொரு கல்வெட்டு. எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே எண்ணாயிரம் என்று ஓர் ஊர். அங்கே அழகிய நரசிங்கப் பெருமாள் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது. ஒரு கல்லூரியின் முழு நிர்வாகத்தையும் அதில் வெட்டியிருக்கிறார்கள். மாணவர்கள் 340 பேர், இளநிலையில் 270, மேல்நிலையில் 70. ஆசிரியர்கள் 14 பேர். இலக்கணம் படிக்க இத்தனை பேர், ரிக் வேதத்துக்கு இத்தனை பேர், மீமாம்சைக்கு இத்தனை பேர். இந்தப் பாடம் சொல்பவருக்கு இவ்வளவு நெல், அந்தப் பாடம் சொல்பவருக்கு இவ்வளவு நெல், அதற்குமேல் பொன். இதற்கெல்லாம் ஆதாரமாக விட்ட நிலம் 45 வேலி. அந்தக் கல்லூரிக்குள் என் பாட்டன் பூட்டன் யாரும் நுழைந்திருக்க முடியாது, பெண்ணும் நுழைந்திருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. ஆனால் ஒரு வாத்தியாருக்கு என்ன கொடுப்போம் என்பதை ஊரறியக் கல்லில் வெட்டி வைக்க அவர்களுக்குக் கூச்சம் இல்லை. கல்லில் எழுதியதைக் கேட்க அந்த வாத்தியாருக்கு உரிமை இருந்தது. எனக்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தரக்கூட ஆளில்லை.

சட்டத்திடம் போகலாமே என்பார்கள். போய்ப் பார்த்தேன். நாளெல்லாம் படித்தேன், படித்துவிட்டு அழுதேன். எங்கள் பள்ளி வேன் டிரைவர் அண்ணனின் வேலையும், ஆயா அக்காவின் வேலையும், கிளார்க் தம்பியின் வேலையும் 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் வரையறைக்குள் வந்தன. உடலுழைப்பு, திறன் சார்ந்த உழைப்பு, எழுத்து வேலை என்று அந்தச் சட்டம் எண்ணிச் சொன்னது. கற்பித்தல் அதில் வராது என்று ஹரியானா பள்ளிகளின் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த 2019ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பில் ஊழியரின் வரையறையை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். மேற்பார்வை இருக்கிறது, நிர்வாகம் இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது. கற்பித்தல் என்று ஒரு வார்த்தை இல்லை.

வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் நீதிமன்றத்துக்காவது போக முடியுமா? கோவாவில் ஒரு கன்னியர் சபைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த சுந்தராம்பாளை 1975ல் வேலையிலிருந்து எடுத்தார்கள். அவர் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1988ல் தீர்ப்பு வந்தது. கற்பித்தல் ஓர் உன்னதப் பணி, ஆகவே ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளி அல்ல என்றது. பதின்மூன்று வருஷம் போராடிய ஓர் ஆசிரியைக்கு, உன் வேலை உயர்ந்தது, அதனால் இந்தக் கதவு உனக்குத் திறக்காது என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆசிரியர் தினத்தன்று மேடையில் சால்வை போர்த்தி எங்களை மாதா பிதாவுக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசும்போதெல்லாம் அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். உன்னதம் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வயிற்றில் அடிக்கிறார்களே, ஐயா! உன்னதமான வேலை செய்கிறவளுக்கு வாடகை கிடையாதா? கேஸ் சிலிண்டர் கிடையாதா? பல்வலி வராதா?

ஒன்றே ஒன்றில் மட்டும் சட்டம் எங்கள் பக்கம் வந்தது. பணிக்கொடை. ஆசிரியர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது என்று அகமதாபாத் ஆசிரியர்கள் வழக்கில் 2004ல் தீர்ப்பு வந்தது. பாராளுமன்றம் 2009ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே எங்களுக்கும் பணிக்கொடை உண்டு என்றது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்து வைத்தது. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில், விட்டுப் போகும்போது தர வேண்டும். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் எங்கள் பள்ளியில் யாருக்கும் ஐந்து வருஷம் ஆவதே இல்லை. ஏப்ரல் கடைசி நாள் எல்லோரும் ராஜினாமாக் கடிதம் எழுதித் தர வேண்டும். "என் சொந்தக் காரணங்களால்" என்று தொடங்க வேண்டும், அந்த வாசகத்தையும் அவர்களே போர்டில் எழுதிப் போடுவார்கள். ஜூனில் புதிதாகச் சேர்ந்ததாக இன்னொரு தாள். பதினெட்டு வருஷம் பணியாற்றிய டீச்சரும் காகிதத்தில் புதிதாகச் சேர்ந்தவர்தான். பிரசவத்துக்குப் போன அறிவியல் டீச்சரும் அப்படித்தான். குழந்தையோடு திரும்பி வந்தவரைப் புது ஆளாகத் தொடக்கச் சம்பளத்தில் உட்கார வைத்தார்கள். ஏழு வருஷத்து உயர்வு ஒரு பிரசவத்தில் கரைந்துபோனது.

மே மாதம் சம்பளம் இல்லை, லீவுதானே என்பார்கள். லீவா? ஏப்ரலில் தேர்வு முடிந்த கையோடு எங்கள் கையில் நோட்டீஸ் கட்டைக் கொடுத்து ஊர் ஊராக அட்மிஷன் பிடிக்க அனுப்புகிறார்கள். ஒருவர் இத்தனை பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டும் என்று டார்கெட். வெயிலில் தெருத்தெருவாகப் போய், என் பழைய மாணவர்களின் வீட்டு வாசலில் நின்று, உங்கள் சின்னப் பிள்ளையை எங்கள் பள்ளியில் போடுங்கள் என்று கெஞ்ச வேண்டும். ஒரு வீட்டில் அந்த அம்மா திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, "இதுக்கெல்லாம் கமிஷன் உண்டா டீச்சர்?" என்று கேட்டார். வெகுளியாகத்தான் கேட்டார். மோர் தொண்டையில் இறங்கவில்லை.

2025-26ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். அதை 26 நாளால் பெருக்கினால் 8,736, என் 8,500ஐவிட அதிகம். கணக்கு டீச்சர் என்பதால் இந்தப் பெருக்கல் தானாக மனதில் ஓடிவிடுகிறது. ஏரி வேலைக்குப் போகும் என் நாத்தனாருக்கும் அந்தக் கூலி முழுதாக வருவதில்லை, அவருக்கு இன்னும் கூடக் கிடைக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் அரசு தன் பேரேட்டில் வெயிலுக்கும் மண்வெட்டிக்கும் ஒரு விலை எழுதி வைத்திருக்கிறது. அவர் அதைக் காட்டிக் கேட்கலாம். என்னைப் போலவே பி.எட். முடித்து, அதே பத்தாம் வகுப்புக் கணக்கை அரசுப் பள்ளியில் நடத்தும் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 36,400ல் தொடங்குகிறது. அவருடைய மாணவனும் என் மாணவனும் எழுதுவது ஒரே வினாத்தாள்.

கொரோனா வந்தபோது பட்டதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. 2020 மார்ச்சில் பள்ளியைப் பூட்டினார்கள். இரண்டு மாதம் பாதிச் சம்பளம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஆனால் போனில் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். ரீசார்ஜ் என் காசு. எங்கள் சரித்திர சார் காய்கறி வண்டி தள்ளினார். தன் மாணவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தக் கூச்சப்பட்டு அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிக்கொண்டு போவார். தெலங்கானாவில் 2021 ஏப்ரலில், அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அரசு அறிவித்தது. செய்தியைப் பார்த்துவிட்டு எங்கள் ஆயா அக்கா, "நம்பள எந்த லிஸ்டுல டீச்சர் வச்சிருக்காங்க?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

நிர்வாகத்தின் பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கட்டணப் பாக்கி நிற்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்தில் சேர்த்த பிள்ளைகளுக்கான பணம் அரசிடமிருந்து காலத்தில் வருவதில்லை. ஒன்றிய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைத்ததில் 2025ல் அந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. வேனுக்கு டீசல், கட்டடத்துக்குக் கடன். எல்லாம் உண்மை. கஷ்டம் உண்மையானால் கணக்கைக் காட்டுங்கள். இவ்வளவு வருகிறது, இவ்வளவு செலவாகிறது, சம்பளத்துக்கு இவ்வளவுதான் மிஞ்சுகிறது என்று எங்களையும் பெற்றோரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். குறைவானாலும் நிஜமான தொகைக்குக் கையெழுத்து வாங்குங்கள். கஷ்டத்தில் இருக்கும் பள்ளிக்கு இரண்டு கணக்குப் புத்தகம் எதற்கு? போன வருஷம் எழும்பிய மாடியும் தாளாளர் வீட்டு வாசலில் நிற்கும் புது வண்டியும் எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கின்றன?

கையெழுத்து ஒன்று, கைக்காசு ஒன்று என்ற இந்தக் கொடுமை புதிதல்ல. கேரளத்தில் தனியார் பள்ளி வாத்தியார்கள் அந்தக் காலத்தில் இதையே அனுபவித்தார்கள். 1957ல் ஜோசப் முண்டசேரி கல்வி அமைச்சராகக் கொண்டுவந்த மசோதா, மானியம் பெறும் தனியார் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசு பொறுப்பேற்று நேரடியாகக் கொடுக்க வழி செய்தது. அதை எதிர்த்து ஊரே கொந்தளித்தது, 1959ல் அந்த ஆட்சியும் கலைந்தது. நேரடிச் சம்பளம் மட்டும் நிலைத்துவிட்டது. எங்களுடையது சுயநிதிப் பள்ளி, அரசு எனக்குச் சம்பளம் தராது, அது தெரியும். ஆனால் பள்ளி தரும் சம்பளம் என் கைக்கு முழுதாக வருகிறதா என்று பார்க்கலாமே! கட்டணக் குழுவுக்குப் போகும் சம்பளப் பட்டியலின் ஒரு பிரதியை அந்தப் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் அனுப்பச் சட்டத்தில் ஒரு வரி போதுமே! 2018ல் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டார்கள், 2023ல் விதிகளும் வந்தன. அங்கீகாரத்துக்குக் கழிப்பறையை எண்ணுகிறார்கள், தீயணைப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், கட்டட உறுதியைச் சோதிக்கிறார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒரே ஒரு முறை எங்கள் ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து, உங்கள் ஏ.டி.எம். கார்டை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்கக் கூடாதா?

வாசலில் நின்று கேட்க முடிந்த தனியார் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ஜி.டி.எஸ்.டி. என்ற அறக்கட்டளையின் 23 தனியார் பள்ளிகளில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த அறக்கட்டளையின் 149 வருஷ வரலாற்றில் அதுவே முதல் வேலைநிறுத்தம். பென்ஷன் திட்டத்திலிருந்து தங்களை விலக்கப் பார்க்கிறார்கள் என்று வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் இழக்கப்போவது என்ன என்று அவர்கள் கையில் காகிதம் இருந்தது. நான் வாசலில் வந்து நின்றால் எதைக் காட்டிக் கேட்பேன்? என் கையெழுத்து உள்ள காகிதமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

ஆகவே ஐயா, நான் கேட்பது இதுதான். பள்ளி வாசலில் கட்டண விவரம் ஒட்டியிருக்கிறதே, அதன் பக்கத்தில் சம்பள விவரமும் ஒட்டுங்கள். கே.ஜி. டீச்சருக்கு என்ன, பட்டதாரி ஆசிரியருக்கு என்ன, மேல்நிலைக்கு என்ன, ஆயாவுக்கு என்ன, டிரைவருக்கு என்ன என்று தொடக்கத் தொகை எழுதுங்கள். வருஷத்துக்கு எவ்வளவு ஏறும் என்று எழுதுங்கள். பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ், வேன் டூட்டி, பரீட்சைப் பொறுப்பு இவற்றுக்குத் தனியாக என்ன என்று எழுதுங்கள். பன்னிரண்டு மாதமும் சம்பளம். ஆண், பெண், கைம்பெண் என்று எந்த வேறுபாடும் அந்தத் தாளில் வரக் கூடாது. பி.எஃப். பிடியுங்கள், உங்கள் பங்கையும் போடுங்கள். பிரசவத்துக்குப் போனவளின் சர்வீஸை அறுக்காதீர்கள். பிள்ளை பீஸ் கட்டவில்லை என்று கிளாஸ் டீச்சரின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். எங்கள் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள், நாங்கள் அடகு வைத்த நகையல்ல அவை. முதல் வருஷம் அந்தத் தாளில் உள்ள தொகை சின்னதாகவே இருக்கட்டும். எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

ஏ.டி.எம். கார்டு தொலைந்துவிட்டது என்று வங்கியில் எழுதிக் கொடுத்துப் புதுக் கார்டு வாங்கிவிட்டேன். அது என் கைப்பையில் இருக்கிறது. இழுப்பறையில் உள்ள பழைய கார்டு இனி வேலை செய்யாது. சம்பளம் ஏறும் ஐந்தாம் தேதி கிளார்க் தம்பி வந்து கேட்பார், பிரின்சிபால் கூப்பிடுவார், தாளாளர் போன் செய்வார். தமிழ் டீச்சரிடம் சொன்னேன். பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு அந்த விண்ணப்பத்தை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார். ஏப்ரல் கடைசி நாள் போர்டில் அந்த வாசகத்தை எழுதிப் போடுவார்கள். எனக்கு எந்தச் சொந்தக் காரணமும் இல்லை, நான் எழுதித் தரமாட்டேன்.